கூடத்துக்குப் போன அம்பு

என் வீட்டுக்காரர் பேசுவதெல்லாம் இப்போது திரையில்தான். கட்டிலுக்கு மேலே ஒரு கம்பியில் லேப்டாப்பைப் பொருத்தியிருக்கிறோம். அதன் அடிப்பாதியில் தமிழ் எழுத்துகளோடு ஒரு கீபோர்டின் படம் தெரியும். அவருடைய வலது கைக்கு அடியில் உருண்டை வைத்த மவுஸ் இருக்கிறது. அந்த உருண்டையை ஒரு விரலால் இலேசாக உருட்டினால் திரையில் அம்பு நகரும். ஓர் எழுத்தின்மேல் அம்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் போதும், அந்த எழுத்து விழுந்துவிடும். அழுத்த வேண்டியதில்லை. அழுத்துவதற்கு அந்த விரலில் பலம் இல்லை.

நரம்பு நோய். முதலில் கையிலிருந்து டம்ளர் நழுவியது. பிறகு நாக்கு தடித்தது. வாயால் அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை எது என்று எனக்கு நினைவில்லை. அதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் பிடித்து வைத்திருப்பேன்.

நாங்கள் இருப்பது நெய்வேலி டவுன்ஷிப்பில், குவார்ட்டர்ஸில். ஒரு கூடம், ஒரு அறை, சமையல்கட்டு. இவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுகளை ஓட்டுகிற கண்ட்ரோல் ரூமில் ஆபரேட்டராக இருந்தார். நான் கம்மாபுரத்துப் பக்கம். எட்டாவதோடு நிறுத்திவிட்டு அம்மாவோடு நடவுக்குப் போனவள். படிப்பு நின்றதால் வந்ததா, பிறவியிலேயே உள்ளதா தெரியவில்லை, எனக்கு எதைத் தொட்டாலும் பயம். சிலிண்டரை மூடினேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். படுக்கப் போகுமுன் வீட்டிலுள்ள பிளக்கையெல்லாம் பிடுங்கி வைப்பேன். "உம் பயத்துக்கே தனியா ஒரு ரேஷன் கார்டு வாங்கணும்டி" என்பார், சொல்ல முடிந்த நாட்களில்.

லேப்டாப் ஏற்பாடெல்லாம் மகள் செய்தது. கோயம்புத்தூரில் வேலை கிடைத்துக் கிளம்புவதற்கு முன்பு செய்துவைத்தாள். லேப்டாப்பிலிருந்து கதவோரமாக ஒரு வயரை இழுத்துக் கூடத்து டிவியில் சொருகினாள். கீபோர்டு அறையில் அவர் முகத்துக்கு நேராக இருக்கும். அவர் எழுதுவது கீபோர்டுக்கு மேலே சின்னதாகவும், கூடத்து டிவியில் பெரிய பெரிய எழுத்தாகவும் வரும். அடுப்படியில் நின்றபடியே நான் படிக்கலாம்.

"எதுக்குடி ரெண்டு? ஒன்னு போதாதா?" என்றேன்.

"அப்பா கண்ட்ரோல் ரூம்ல எத்தினி ஸ்கிரீன் வச்சிகினு இருந்தாரு? ஒன்னு பாக்கறதுக்கு, ஒன்னு ஓட்டறதுக்கு. அவருக்கு அப்பிடித்தாம்மா பழக்கம்."

அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். மூடினால் ஆமாம். இடப்பக்கம் பார்த்தால் இல்லை. எங்களுக்குள் அப்படி ஒரு கணக்கு.

கிளம்புகிற அன்றைக்கு மகள் இன்னொன்றும் செய்தாள். அப்பாவின் டியூட்டிப் பையைத் துழாவி ஒரு சிவப்பு கார்டை எடுத்து, டிவி பிளக்கில் நூலால் கட்டித் தொங்கவிட்டாள்.

அந்தக் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் பெல்ட்டையோ மோட்டாரையோ பழுது பார்க்க ஒருவர் இறங்கினால், முதலில் ஸ்விட்சை அணைத்து அதில் இந்தக் கார்டை மாட்டுவார். ஆள் வேலை செய்கிறார், இயக்காதே என்று எழுதியிருக்கும். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். எவ்வளவு பெரிய ஆபீசராக இருந்தாலும் வேறொருவர் கை வைக்கக் கூடாது. இவர் வீட்டிலும் அதை விடவில்லை. ஃபேனைக் கழற்றித் துடைக்கிற நாளில் மெயினை அணைத்துவிட்டுக் கார்டை மாட்டிவிடுவார். மிக்ஸியில் பாதி அரைபட்ட சட்னியோடு நான் காத்துக்கொண்டு நிற்பேன்.

ஒருமுறை ஒரு ஃபிட்டர் கார்டைக் கழற்ற மறந்து ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாராம். பெல்ட் நிற்கிறது. அடியில் யாரும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். போனில் ஆபீசர் கத்துகிறார். இவர் ஓட்டவில்லை. சேத்தியாத்தோப்புக்கு ஜீப் போய், குளித்த தலையோடு அந்த மனிதரை அழைத்து வந்து, அவர் கையால் கழற்றிய பிறகுதான் பெல்ட் ஓடியது. "யாருமே இல்லன்னு தெரிஞ்சும் ஏங்க நிறுத்தி வச்சீங்க?" என்று கேட்டேன். "இருந்தா?" என்றார். அவ்வளவுதான் பதில்.

மகள் மாட்டிய கார்டில் அச்செழுத்துக்குக் கீழே பேனாவால் "அம்மாவும்தான்" என்று எழுதியிருந்தாள். நான் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு ஒரு நாள் காற்றடித்து வேப்பங்கிளை ஒயர்மேல் விழுந்து, எங்கள் தெருவில் கரண்ட் போனது. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடம்தான், கிளைக்கு அது தெரியுமா. நெடுநேரம் வரவில்லை. லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது. கரண்ட் வந்ததும் பயந்துகொண்டே பட்டனை அழுத்தினேன். லேப்டாப்பில் வெறும் மலைப்படம் மட்டும் வந்தது. கீபோர்டு இல்லை.

கூடத்துக்கு ஓடினேன். கீபோர்டு டிவியில் இருந்தது. பஸ் டிக்கெட்டில் அச்சடித்தது போல் பொடிப்பொடியான எழுத்துகளோடு, டிவியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் படுத்திருக்கிற இடத்திலிருந்து டிவி தெரியாது. நடுவில் சுவர்.

அன்றிலிருந்து நாங்கள் பேசிய விதம் இப்படி. அவர் உருண்டையை உருட்டுவார். லேப்டாப்பின் வலது ஓரத்தில் போய் அம்பு மறையும். மறைந்து, கூடத்து டிவியில் வந்து எட்டிப் பார்க்கும். அவருக்குத் தெரியாது. நான் டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவருக்கு எந்த எழுத்து வேண்டியிருக்கும் என்று ஊகித்து, அறையைப் பார்த்துக் கத்துவேன்.

"வந்துட்டுதுங்க! இன்னும் கொஞ்சம் வலப்பக்கம். நில்லுங்க, நில்லுங்க. ஐயோ, தாண்டிட்டுது. திரும்புங்க. இப்ப கீழ. அங்கதான், அங்கதான், 'த'! ஆட்டிடாதீங்க!"

தண்ணீர் என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும்.

சத்தம் கேட்டுப் பக்கத்து குவார்ட்டர்ஸ் அண்ணன் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இவரோடு ஒரே ஷிப்டில் இருந்தவர்.

"என்னம்மா, வீட்டுக்குள்ள கிரிக்கெட் கமெண்ட்ரி நடக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். "இம்புட்டுதானா? வயர உருவிட்டுத் திரும்பச் சொருகுனா சரியாயிரும்" என்று டிவி பக்கம் கையை நீட்டியவர், கார்டைப் பார்த்ததும் சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார்.

"யாரு மாட்டுனது?"

"பொண்ணுதாண்ணே."

"அப்ப அவதான் வரணும்." அறைக்குள் எட்டிப் பார்த்து இவரிடம் சொன்னார்: "மாப்ள, உம் மக அப்படியே உன்ன உரிச்சு வச்சிருக்கா. ஆத்திர அவசரத்துக்கு ஒரு வேலை நடக்காது."

இவருடைய கண் சிரித்தது. அண்ணன் போன பிறகு இவரிடம் கேட்டேன், "நானே எடுத்துடட்டுமாங்க?" இடப்பக்கம் பார்த்தார்.

நான் மகளிடம் சொல்லவில்லை. புது வேலை, லீவு கேட்டுக்கொண்டு ஓடிவந்துவிடுவாள். அது ஒரு காரணம். கார்டு தொங்குவதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அந்தப் பெட்டிக்குள் கையை விட்டு நான் எதையாவது அழித்துவிட்டால் அவருடைய பேச்சு அதோடு போய்விடும். தொடாமல் இருக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. கத்திக்கொண்டே நாளை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

ஆனால் டாக்டர் போனில் பேசுவதாகச் சொன்ன நாள் நெருங்கியது. பாண்டிச்சேரியில் பார்க்கிற நரம்பு டாக்டர். போன தடவை போனபோது அந்த அம்மா இவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"மூச்சு குறைஞ்சுக்கிட்டே வருதுங்க. கழுத்துல துளை போட்டு மெஷின் வைக்கலாம். வச்சா நாள் கூடும். ஆனா அதுக்கப்புறம் மெஷின விட்டு இருக்க முடியாது. வேணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும். யோசிங்க. நான் வீடியோல கூப்பிடுறேன்."

"கண்ணாலயே சொல்லிடுவாருங்க. மூடுனா ஆமாங்க" என்றேன் நான்.

"கண்ண மூடித் தொறக்கறத வச்சு இத முடிவு பண்ண மாட்டேம்மா. அவருக்கும் எங்கிட்ட கேக்கறதுக்குக் கேள்வி இருக்கும். அவரே எழுதட்டும்."

எனக்கு மெஷின் வேண்டும். படுத்த படுக்கையாக, பேச்சில்லாமல், எப்படியாவது அவர் இருக்க வேண்டும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் தன் மனதிலிருப்பதைச் சொல்லவில்லை. இருவரும் தண்ணீர், திருப்பிப் படுக்க வை, ஃபேனைக் குறை என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் கூப்பிடுவதற்கு முந்தின நாள், சோறு ஊட்டி முடித்த பிறகு, கூடத்தில் போய் நின்றுகொண்டு குரல் கொடுத்தேன். "நாளைக்கி டாக்டருக்குச் சொல்லப்போறத இப்பவே எழுதி வச்சிடலாங்களா? பொறுமையா எழுதலாம்."

அம்பு டிவியில் வந்தது. "வந்துட்டுதுங்க, கீழ வாங்க" என்றேன். வந்தது. "கொஞ்சம் இடப்பக்கம்" என்றேன். போனது. "நில்லுங்க" என்றேன். நின்றது.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. நான் சொன்ன இடத்துக்கெல்லாம் அது போகிறது. அவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. என் குரல் ஒன்றுதான் அவருக்கு வழி. அவர் நினைத்த எழுத்துக்குப் பக்கத்து எழுத்தில் நான் நில்லுங்க என்று சொன்னால் அங்கேதான் நிற்பார். தண்ணீர் கேட்கும்போது இப்படி யோசித்ததில்லை. மெஷின் வேண்டும் என்று துடிக்கிற வாயால்தான் அவருடைய பதிலுக்கு நான் வழி சொல்ல வேண்டும். அப்படியெல்லாம் செய்ய மாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும், பயம் வந்தால் நான் என்ன செய்கிறேன் என்றே எனக்குத் தெரியாது.

அடுத்த எழுத்துக்கு வழி சொல்வதற்குள் அம்பு நகர்ந்து, டிவியின் ஓரத்தில் போய் மறைந்துவிட்டது. அறைக்குப் போனேன். அவர் உருண்டையிலிருந்து விரலை எடுத்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதலிங்களா?"

இடப்பக்கம் பார்த்தார்.

"எங்கிட்ட சொல்ல வேணாம்னு நெனைக்கிறீங்களா? டாக்டர்கிட்டதான் சொல்லணுமா?"

கண்ணை மூடினார். மெதுவாகத் திறந்தார்.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு மகளுக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா இத்தினி நாளா சொல்லல?"

"நீ கார்டு மாட்டிட்டுப் போயிட்டியேடி."

"யம்மா! அது நீ பிளக்கப் புடுங்கக்கூடாதுன்னு மாட்னதும்மா. எடு அத."

போனை அவர் காதருகே வைத்து மறுபடி சொல்லச் சொன்னேன். அவர் இடப்பக்கம் பார்த்தார். "ஒத்துக்க மாட்டறாருடி" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு வீடியோவில் வந்தாள். ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ப்பா, என்னப் பாருங்க. நான்தான் மாட்னேன். பஸ் புடிச்சி வர்றதுக்குள்ள டாக்டர் கூப்புட்டுட்டுப் போயிடுவாங்க. என் வேலை முடிஞ்சிடிச்சிப்பா. எல்லாரும் வெளிய வந்தாச்சி. இப்ப அம்மா கையால நான் எடுத்துக்கறேன். எடுக்கட்டுமா?"

திரையில் அவள் முகத்தையே நெடுநேரம் பார்த்தார். கண்ணை மூடினார். மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். "வயர உருவிடட்டுமா?" என்றேன்.

"உருவுனா கீபோர்டு லேப்டாப்புக்கு வரும். சொருகுனதும் திரும்ப ஓடிடும். செட்டிங்ஸ்லதான் மாத்தணும். நீதான் மாத்தப்போற."

"ஐயோ, நானா?"

"வேற யாரு, வேப்பமரமா?"

போனை ஸ்டூலில் வைத்து அரிசி டப்பாவில் சாய்த்து, டிவியைப் பார்க்கும்படி நிறுத்தச் சொன்னாள். நான் அறைக்குள் வந்து லேப்டாப்பில் விரலை வைத்தேன். விரலைத் தேய்த்தால் அம்பு வலது ஓரத்தில் போய் மறைந்தது. இப்போது கூடத்திலிருந்து மகள் கத்தினாள்.

"வந்துட்டம்மா! மேல! மேல! வெத்து எடத்துல நில்லு. வலது பட்டன அமுக்கு. இப்ப கீழ வா. தாண்டிட்ட! திரும்பு!"

"எனக்கு ஒன்னுமே தெரியலடி!"

"அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சிதா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் இந்த இருட்டுக்குள்தான் அவர் அம்பை ஓட்டிக்கொண்டிருந்தார்.

எப்படியோ செட்டிங்ஸ் திறந்தது. அதில் ஒன்று, இரண்டு என்று போட்ட இரண்டு பெட்டிகள் இருக்கின்றன என்றாள். ஒன்று லேப்டாப், இரண்டு டிவி. கரண்ட் போய் வந்தபோது டிவிதான் முதன்மைத் திரை என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. ஒன்றாம் பெட்டியைத் தொட்டு, கீழே போய் ஒரு கட்டத்தில் டிக் போடச் சொன்னாள். போட்டேன். கீபோர்டு டிவியை விட்டு லேப்டாப்புக்குத் தாவி வந்தது. நான் கத்திவிட்டேன்.

வந்ததே தவிர, பெரிதாக வந்தது. அடி வரிசை எழுத்துகள் திரைக்குக் கீழே முங்கிப்போயிருந்தன. செட்டிங்ஸும் லேப்டாப்புக்கே வந்துவிட்டதால் இப்போது நானே பார்க்க முடிந்தது.

"ஸ்கேல்னு போட்டு எத்தினி பர்சென்ட்னு இருக்கு பாரும்மா."

"எரநூறு."

"நூத்தம்பது வச்சிப் பாரு."

வைத்ததும் திரை ஒருமுறை இருண்டது. வெடுக்கென்று விரலை எடுத்துவிட்டேன். பிறகு வெளிச்சம் வந்து எல்லா வரிசையும் தெரிந்தது. "எழுத்து தெரியுதுங்களா?" என்று அவரிடம் கேட்டேன். இடப்பக்கம் பார்த்தார். சிறிதாகிவிட்டது. நூற்று எழுபத்தைந்து வைத்தேன். அடி வரிசை திரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, முழுதாக நின்றது. மறுபடி கேட்டேன். கண்ணை மூடினார்.

மகள் இன்னொன்று சொன்னாள். செட்டிங்ஸ் படத்தில் டிவிப் பெட்டி லேப்டாப்புக்கு வலப்பக்கம் இருந்தது. ஆனால் அவர் கட்டிலுக்குக் கூடம் இடப்பக்கம். அந்தப் பெட்டியை இழுத்து இடப்பக்கம் வைத்தேன். இனி அம்பு தவறிப்போனாலும், கூடம் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் போகும். இது அவருக்குப் பிடித்தது. கேட்காமலே கண்ணை மூடித் திறந்தார்.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டார். அவர் முகம் இவருக்குத் தெரியும்படி போனைப் பிடித்துக்கொண்டு, எழுதி முடித்ததும் திரைப்பக்கம் திருப்பிக் காட்டினேன். வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்கே சொல்லி வைத்திருந்தேன்.

முதலில் எழுதினார்: மெஷின் வச்சா இவ எப்ப தூங்குவா.

டாக்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்தரால முடியாதுங்க. சளி உறிஞ்சணும், மெஷின் சத்தம் மாறுனா எழுந்திருக்கணும், எப்பவும் ஒருத்தர் முழிச்சிருக்கணும். ஆள் வச்சுக்கலாம். ஆனா உண்மையச் சொல்லணும்னா, இவங்க தூக்கம் போயிடும்."

"நான் பாத்துக்குவேங்க! நான் எப்பவும் பயந்துகினுதான கெடக்கறேன், எனக்கு எங்க தூக்கம் வருது…"

"அம்மா. அவர் எழுதட்டும்."

அம்பு நகர்ந்தது. யாரும் வழி சொல்லாமல், எழுத்துக்கு எழுத்து, தானாகப் போய் நின்றது. மூச்சு முட்டிச் சாவேனா.

"முட்ட விட மாட்டோம். அதுக்கு மருந்து இருக்கு, தூக்கம் மாதிரி இருக்கும். அது எங்க பொறுப்பு."

மறுபடி எழுதினார். நான் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உருண்டை உருளுகிற சத்தம் நின்ற பிறகுதான் திரும்பினேன். வேண்டாம். மனசு மாறினா நானே சொல்றேன்.

"எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாங்க. நீங்க ஒரு வார்த்தை எழுதுனா போதும்" என்றார் டாக்டர்.

போன் அணைந்த பிறகு நான் அழுதேன். அவர் என்னை அழவிட்டார். பிறகு திரையில் ஒரு வார்த்தை வந்தது. கார்டு.

மேசையிலிருந்து எடுத்து வந்தேன். "டிவியில மாட்டவா?" இடப்பக்கம் பார்த்தார். பிறகு கண்ணை மேலே தூக்கிக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியைப் பார்த்தார்.

"இங்கயா?"

கண்ணை மூடினார்.

நூலைக் கம்பியில் கட்டப் போனேன். உடனே இடப்பக்கம் பார்த்தார். எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. நான் கட்டினால் அது என் கார்டு ஆகிவிடும். அவர் கையை உருண்டையிலிருந்து எடுத்து, தலைக்கு மேலே தூக்கி, விரல்களுக்கு நடுவில் நூலைக் கொடுத்தேன். விரல்கள் சில்லென்று இருந்தன. அவர் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு, அவர் விரலாலேயே நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். கார்டு திரும்பித் தொங்கியது. அம்மாவும்தான் என்று அதில் மகள் எழுதியது என் பக்கம் இருந்தது.

அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் வந்தபோது பார்த்தார். யார் மாட்டியது என்று கேட்கவில்லை. இவர் நெற்றியில் கையை வைத்து, "சரி மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதும் நான் பிளக்கைத் தொட்டுப் பார்க்கிறேன், சிலிண்டரைப் போய்ப் பார்க்கிறேன். ஆனால் காலையில் எழுந்ததும் முதல் வேலை அதில்லை. கீபோர்டு லேப்டாப்பில் இருக்கிறதா, அடி வரிசை முழுதாகத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான். கரண்ட் போய் வந்தால், மகளைக் கூப்பிடாமல் நானே பெட்டியைத் தொட்டு, டிக் போட்டு, நூற்று எழுபத்தைந்து வைத்துவிடுவேன். மெஷின் வேண்டாம் என்று கார்டை மாட்டியவர் அவர். கழற்ற நினைத்தால், கழற்றுகிற வார்த்தையும் அவர் கையிலிருந்துதான் வர வேண்டும். அவர் நினைக்கிற நேரத்தில் கீபோர்டு கூடத்துக்குப் போயிருக்கக் கூடாது.

"எழுத்து தெரியுதுங்களா?" என்று தினமும் கேட்கிறேன்.

அவர் கண்ணை மூடித் திறக்கிறார். அதன் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்கப் போகிறேன்.